முப்பதாவது மாணவி

முதலாமாண்டு வரவேற்பு விழாவில் முதல்வர் டாக்டர் கவினேசன், "கடலெனத் திரண்டிருக்கும் மாணவச் செல்வங்களே" என்றுதான் தொடங்கினார். திரண்டிருந்தது ஒரே ஒருத்தி.

அந்த ஒருத்தியின் பெயர் கனிஷ்கா. வயது நாற்பத்தொன்று. அவள் பிறந்த காலத்தில் வீதிக்கு வீதி கனிஷ்காக்கள் பிறந்தார்கள். இப்போது அவர்கள் எல்லோருக்கும் மூட்டுவலி.

அவளைச் சுற்றி இன்னும் இருபத்தொன்பது மேசைகள் இருந்தன. நாற்காலி இருக்க வேண்டிய இடங்களில் ஆளுயரக் கண்ணாடிப் பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் இடுப்புக்கு மேலே ஒரு பையனோ பெண்ணோ தெரிந்தார்கள். முதல்வர் மூச்சு வாங்கிய இடங்களிலெல்லாம் சரியாகக் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் ஒரு பையன் கொட்டாவி விட்டான். அது மட்டும் நிஜம்போல இருந்தது.

வேலம்புதூர் அருள்மணி சமுதாயக் கல்லூரி வழங்கும் பட்டத்தின் முழுப்பெயர் 'தொழில்முகப்பட்ட, திறன்சார், எதிர்காலத்துக்குத் தயாரான இளநிலைத் தொழிற்கல்வி, தகவல் தொழில்நுட்பம்' என்பது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாடத்திட்டம் பழசாகிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. முதல்வர் அன்று அதை முழுசாக ஆறு தடவை சொன்னார். பிறகு வேறு மூன்று கல்லூரிகளில் இதே உரையை ஆற்ற வேண்டியிருப்பதால் விடைபெற்றுக்கொண்டார்.

விழா முடிந்ததும் கனிஷ்கா ஒருங்கிணைப்பாளரைத் தேடிப் போனாள். நித்திலன் என்று பெயர். ஒருங்கிணைப்பாளரும் அவர்தான், விரிவுரையாளரும் அவர்தான், மணியடிப்பவரும் அவர்தான். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றுக்கும் அதே நேரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"ஏனுங் சார், மத்த புள்ளைங்கெல்லாம் நாளைக்கு வருவாங்களா?"

"மத்த புள்ளைங்க வந்துட்டாங்களே அம்மிணி. இருவத்தொம்பது பேரும் உள்ள இருக்காங்க."

"கண்ணாடில இருக்கறவிங்களக் கேக்கலீங். உசுரோட."

நித்திலன் காதுக் கருவியைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றுவது அபூர்வம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

"உசுரோடன்னா நீங்க ஒருத்தர்தானுங்க. முப்பது பேரு இல்லீன்னா பாடத்த மூடிருவாங்க. ரெண்டு வருசமா ஒருத்தரும் சேர வரல. இப்பப் புதுச் சட்டம் போட்டிருக்காங்க. ஒரே ஒரு ஆளு மனுச ஆளா இருந்தாப் போதும், மிச்சத்துக்குக் கம்ப்யூட்டர்ச் சகபாடிகள வெச்சு நெரப்பிக்கலாமுன்னு. அதுங்கதான் இதுங்க."

"எனக்கு மட்டும் சொல்லிக் குடுத்தா ஆவாதுங்களா?"

"கூட்டுப்பணின்னு ஒரு பாடம் இருக்குது அம்மிணி. ஒத்தையாளா கூட்டுப்பணி எப்புடிங்க செய்யறது? கம்பெனிக்காரன் மொதல்ல அதத்தான் பாப்பான். குழுவோட ஒத்துப்போவாங்களான்னு."

"பொம்மைங்களோட ஒத்துப் போகோணுமா?"

"பொம்மைன்னு சத்தமாச் சொல்லாதீங்க. மொகத்தத் தூக்கி வெச்சுக்கும். அந்தக் காலத்துக் காலேஜ் வகுப்புகள்ல கேமரா வெச்சுப் புடிச்சாங்களே, அத லட்சக்கணக்குல பாத்துப் படிச்சதுங்க. படிக்கற புள்ளைங்க எப்புடி இருக்கோணுமோ அப்புடியே இருக்கும். நல்லதையும் படிச்சிருக்கும், கெட்டதையும் படிச்சிருக்கும்."

கருவி மறுபடியும் காதில் ஏறியது. அவர் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்.

கனிஷ்கா படிக்க வந்த காரணம் வேறு. பதினெட்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றவள். மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள். துணியில் ஓட்டை தேடும் கண் ஒரு பக்கம் வேலை செய்ய, வாய் இன்னொரு பக்கம் ஊர் நாயமெல்லாம் பேசித் தீர்க்கும். ஒருநாள் மேசைக்கு மேலே ஒரு கண்ணைத் தொங்கவிட்டார்கள். அது ஓட்டையை மட்டும் பார்த்தது. யாருடைய மருமகள் யாரோடு சண்டை என்று கேட்கவில்லை. அடுத்த மாதம் மேசையே இல்லை.

வேலை பறிபோனவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவிப்படி போட்டது, மூன்று வருஷத்துக்கு மட்டும். சோற்றுக்கு உடனே சிக்கல் இல்லை. பேச்சுக்குத்தான் சிக்கல். அவள் குடியிருந்த லைன் வீட்டில் வரிசையாகக் கதவுகள் இருந்தன. அவள் கதவைத் தவிர எல்லாவற்றிலும் பூட்டு. கணவன் ஆறு வருஷத்துக்கு முன்பே வேறு ஊருக்கு, வேறு வீட்டுக்குப் போயிருந்தான். மறுவாழ்வு அலுவலகத்தில் ஆடு வளர்ப்பா, தகவல் தொழில்நுட்பமா என்று கேட்டார்கள். ஆட்டோடு எவ்வளவு பேச முடியும்? காலேஜ் என்றால் ஆள் இருக்கும், படித்து முடித்தால் ஆபீஸ், ஆபீஸ் என்றால் இன்னும் ஆள் இருக்கும். அவள் கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் வருகைப் பதிவு எடுத்தார்கள். நித்திலன் பெயர் சொல்ல ஒவ்வொரு கண்ணாடியும் 'யெஸ் சார்' என்றது. அவள் முறை வந்தபோது அவள் குரல் மட்டும் வெளியே எங்கிருந்தோ வந்ததுபோல் இருந்தது.

பக்கத்துக் கண்ணாடியில் இருந்தவள் தீக்ஷா. பத்தொன்பது வயசு போட்டிருந்தார்கள். ஒற்றைக் கல் மூக்குத்தி. கழுத்தைச் சாய்த்துத்தான் பேசுவாள். மத்தியானம் கனிஷ்கா டிபன் பாக்ஸைத் திறந்ததும் கழுத்து சாய்ந்தது.

"அக்கா, என்னக்கா சோறு?"

"அரிசிம்பருப்பு."

"நெய் ஊத்தியிருக்கீங்களா?"

"உனக்கெதுக்கடி? மூக்குத்தி போட்டா மணமும் தெரியுமா?"

"தெரியாதுங்க்கா. ஆனாக் கேக்கோணும்னு தோணுது. பக்கத்துப் பெஞ்சு டப்பாவுல என்ன இருக்குதுன்னு கேக்காம ஒரு புள்ளையும் காலேஜ முடிச்சதில்லீங்க்கா. நாங்க பாத்த வரைக்கும்."

கனிஷ்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும், எவ்வளவு நாளாயிற்று என்று யோசிக்க வேண்டியிருந்தது.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பழகிக்கொண்டாள். வகுப்பு என்றால் வகுப்புதான். முதல் வரிசையில் ஒன்று எதற்கெடுத்தாலும் கை தூக்கியது. கடைசி வரிசை லோகித் வகுப்பு நடக்கும்போது கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினான். அசைன்மெண்ட் தரவேண்டிய நாளன்று அவளிடம் குழைவான்.

"அக்கா, உங்க அசைன்மெண்ட்டச் சித்தெ காட்டுங்க. பாத்துட்டுத் தந்தர்றேன்."

"நீயே கம்ப்யூட்டரு. நீ என்னப் பாத்து எழுதறயா?"

"அதுக்குத்தானுங்க்கா ஃப்ரெண்ட்ஸு."

"நாந் தப்பா எழுதியிருப்பன்டா."

"பரவால்லீங்க்கா. ஒரே தப்பா இருந்தாத்தான் ஒரே வகுப்பு மாதிரி இருக்கும்."

கல்வித்தரம் பற்றி முதல்வர் அச்சடித்த எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவான வாக்கியம் கிடையாது.

சாயங்காலம் ஐந்து மணியானால் கண்ணாடிகள் வரிசை வரிசையாக அணையும். "நாளைக்குப் பாக்கலாங்க்கா" என்று தீக்ஷா சொல்லி முடிப்பதற்குள் கறுத்துவிடும். கறுத்த கண்ணாடியில் கனிஷ்காவின் முகம் தெரியும். அவள் பையை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் இல்லாத பேருந்தில் ஏறி, எங்கே போகிறாள் என்று பேருந்திடம் சொல்லி, பூட்டுகளுக்கு நடுவே இருக்கும் தன் கதவைத் திறப்பாள். காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்வரை அந்தப் பேருந்திடம் சொன்னதுதான் கடைசிப் பேச்சு.

இரண்டாம் ஆண்டில் நேர்காணல் பயிற்சி தொடங்கியது. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று சுவரிலிருந்து ஒரு குரல் கேட்கும். கனிஷ்கா பெயரைச் சொல்வாள், ஊரைச் சொல்வாள், நிறுத்திவிடுவாள்.

"அதுக்கு மேல சொல்லுங்க அம்மிணி" என்பார் நித்திலன்.

"அதுக்கு மேல என்னங் சார் இருக்குது?"

ஒருநாள் இடைவேளையில் தீக்ஷா, "நாஞ் சொல்லிக் காட்டட்டுமாக்கா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கனிஷ்காவின் குரலிலேயே பேசினாள். பதினெட்டு வருஷம் துணியைப் பார்த்தவள், விட்டுப்போன ஒரு கண்ணியைக் கைநீளத்திலிருந்தே கண்டுபிடிப்பவள், கோபக்கார சூப்பர்வைசரையும் அழுகிற புதுப்பெண்ணையும் ஒரே மேசையில் வைத்துச் சமாளித்தவள், அடுத்தவர் பேசும்போது குறுக்கே பேசாதவள். ஒரு வருஷத்துக்கு மேலாக மத்தியானங்களில் கனிஷ்கா உதிர்த்த நாயத்தையெல்லாம் பொறுக்கிக் கோத்து வைத்திருந்தாள்.

கனிஷ்கா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானாடி அது?"

"நீங்கதானுங்க்கா. நான் சும்மா குரல்தான் குடுத்தேன்."

அதே வருஷம் மழைக்காலத்தில் கனிஷ்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மூட்டுகளைப் பூட்டிப்போடும் காய்ச்சல். எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு குடிப்பதே ஒரு வேலையாக மூன்று வாரம் கிடந்தாள். கைபேசி மட்டும் தினமும் 'நலமாக இருக்கிறீர்களா, ஆம் அல்லது இல்லை' என்று கேட்டது. 'இல்லை' என்று அழுத்தினால், 'உங்கள் பதிலுக்கு நன்றி' என்றது.

காய்ச்சலைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வருகை முக்கால்வாசிக்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. தேர்வு இல்லாவிட்டால் ஆபீஸ் இல்லை. ஆபீஸ் இல்லாவிட்டால் இந்தக் கட்டிலும் இந்தப் பூட்டுகளும்தான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க முடிந்த முதல் நாள் கல்லூரிக்குப் போய் நித்திலன் முன்னால் நின்றாள். "சார், காச்சலுங். எப்புடியாவது..."

"எப்பக் காச்சலு?" என்றார் அவர். "நேத்து நெட்வொர்க்குப் பாடத்துல ரெண்டு கேள்வி கேட்டீங்களே?"

பாடம் நடக்கும்போது அவர் கண் பக்கத்து ஊர்த் திரையிலேயே இருக்கும், இங்கே குரலை மட்டும்தான் கேட்பார். இப்போது வருகைப் பதிவைத் திறந்து பார்த்தார். அவள் பெயருக்கு எதிரே ஒருநாள்கூடத் தவறாமல் 'யெஸ் சார்.' அப்புறம் மெதுவாகத் திரும்பி வகுப்பைப் பார்த்தார். இருபத்தெட்டு கண்ணாடிகள் யோக்கியமாக உட்கார்ந்திருந்தன. ஒன்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ப்ராக்ஸி" என்றார் நித்திலன். அந்தச் சொல்லைச் சொல்லி முப்பது வருஷமாகியிருக்கும். குரலே கொஞ்சம் இளைத்துவிட்டது. "இத ஒருத்தரும் இதுங்களுக்குச் சொல்லிக் குடுக்கல அம்மிணி. பழைய புள்ளைங்களப் பாத்துக் கத்துக்கிச்சு."

"தப்புங்களா சார்?"

"தப்புன்னு நான் எழுதினா அந்தப் புள்ளையத் தொடைச்சுட்டு வேற அனுப்புவாங்க. உசுரோட இருக்கற ஒரே ஆளு மூணு வாரம் வரலீன்னு தெரிஞ்சாப் பாடத்தையும் தொடைச்சுருவாங்க. அப்புறம் என்னையும்." காதுக் கருவியை எடுத்துத் துடைத்தார். "நீங்களும் சொல்லல, நானும் பாக்கல."

கனிஷ்கா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏன்டி இப்புடிப் பண்ணினே?"

"ஏனுங்க்கா, பக்கத்துல இருக்கறவிங்க வரலீன்னாக் குரல் குடுக்கறதுதானுங்களே பழக்கம்" என்றாள் தீக்ஷா. "மூஞ்சி வத்திப்போச்சு உங்களுக்கு. ஏதாச்சும் சாப்புட்டீங்களா?"

மூன்று வாரத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். ஆள் என்று சொல்லலாமா என்பதைப் பல்கலைக்கழகங்கள் முடிவு செய்யட்டும்.

கடைசி ஆண்டு முடியும் தறுவாயில் வளாக நேர்காணல் அறிவிப்பு வந்தது. திசைமணி என்று ஒரு நிறுவனம். கோயம்புத்தூரில் உதவி மையம் நடத்துகிறார்கள். மக்கள் எதற்காவது போன் செய்து புலம்பினால் கேட்டுப் பதில் சொல்கிற வேலை.

"ஆபீஸ்ல எத்தன பேருங் சார் இருப்பாங்க?" அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"அஞ்சு மாடிக் கட்டடமுங்க அம்மிணி. பாத்துக்கங்களே."

அவள் பார்த்துக்கொண்டாள். ஐந்து மாடி நிறைய மேசைகள், மேசைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள், மத்தியானம் டப்பா திறக்கும் சத்தம். அரசாங்கப் படி அடுத்த மாதத்தோடு நிற்கிறது என்பதுகூட அவளுக்கு இரண்டாவதாகத்தான் ஞாபகம் வந்தது. தீக்ஷாவோடு உட்கார்ந்து பழகிப் பழகி, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் இப்போது அவளுக்கே வாய் வந்தது. தீக்ஷா சொன்னதுபோல அவ்வளவு சரளமாக இல்லை. ஆனால் நிற்காமல் வந்தது.

நேர்காணல் காலை பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே முதல்வர் டாக்டர் கவினேசன் வந்துவிட்டார். வாசலில் தோரணம். நிறுவனப் பிரதிநிதி வண்டியில் வந்து இறங்கியது. தூக்குப்போசிப் பாத்திரம் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. முதல்வர் அதைப் பார்த்துச் சற்றும் அசரவில்லை. அதற்கும் வணக்கம் வைத்தார்.

"வரவேற்பு முறைப்படி நடக்கணும். பன்னீர், சந்தனம், கல்கண்டு. தட்டை யாரு பிடிக்கிறது?"

நித்திலன் வகுப்பைப் பார்த்தார். கையோடு இருந்தது ஒரே ஒரு மாணவிதான்.

"சார், பத்து மணிக்கு எனக்கு இண்டர்வியூங்" என்றாள் கனிஷ்கா.

"நான் பேசி முடிக்காம எந்த இண்டர்வியூவும் ஆரம்பிக்காது, அம்மா. சபை நாகரிகம்னு ஒண்ணு இருக்குதில்ல? பிடிங்க தட்டை."

பெட்டிக்குச் சந்தனம் வைத்தாள். பன்னீர் தெளிக்கும்போது, "மெதுவா, உள்ளே போயிரப் போகுது" என்று முதல்வரே எச்சரித்தார். பிறகு தட்டோடு மேடையில் ஓரமாக நிற்கச் சொன்னார்கள், புகைப்படத்துக்காக. முதல்வர் மைக்கைப் பிடித்தார். தகவல் தொழில்நுட்பம் ஒரு பெருநதி என்றார். சமுதாயக் கல்லூரி அதன் படித்துறை என்றார். மாணவர்கள் அதில் நீராடும் அன்னப்பறவைகள் என்றார். அன்னங்களுக்கு அப்புறம் ஒரு ஆலமரமும் ஒரு கலங்கரை விளக்கமும் வந்தன. தட்டில் கல்கண்டு கசிந்து ஒட்டிக்கொண்டது.

பெட்டிக்குச் சபை நாகரிகம் தெரியாது. பத்து மணி ஆனதும் அது முப்பது பேரையும் ஒரே சமயத்தில் அழைத்து, ஒரே சமயத்தில் கேள்வி கேட்டு, முதல்வர் ஆலமரத்தின் விழுதில் தொங்கிக்கொண்டிருந்தபோதே வேலையை முடித்துவிட்டது.

"நேர்காணல் நிறைவுற்றது" என்றது பெட்டி. "இருபத்தொன்பது பேர் தேர்வு. ஒருவர் வரவில்லை. நன்றி."

முதல்வர் கைதட்டினார். கனிஷ்கா கையிலிருந்த தட்டு சாய்ந்து பன்னீர்ச்செம்பு உருண்டது. வராத ஒருவர் யாரென்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. மூன்று வருஷம். அவள் மேடையிலிருந்து இறங்கி வகுப்புக்கு ஓடினாள். மூட்டு அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் ஓடினாள்.

சுவரில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. 'கனிஷ்கா, தேர்வு.' நின்று மறுபடி பார்த்தாள். 'தீக்ஷா, வரவில்லை.'

பக்கத்துக் கண்ணாடி காலியாக இருந்தது. மூக்குத்தி இல்லை, ஒன்றும் இல்லை. மற்றக் கண்ணாடிகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன.

"லோகித்து, எங்கடா அவ?"

"உங்களக் காணமுன்னு உங்க பேருக்கு உக்காந்துட்டாளுங்க்கா" என்றான் லோகித். முதல் தடவையாக முழுசாக விழித்திருந்தான். "வகுப்புன்னா ஒவ்வொரு பேராக் கூப்புடுவாங்க, ரெண்டு பேருக்கும் குரல் குடுத்தரலாம். இங்க எல்லாத்தையும் ஒரே நேரத்துல கூப்புட்டுட்டாங்க. இருக்கறது ஒரு வாயி. நீங்களா அவளான்னு..."

அத்தோடு அவன் கண்ணாடி கறுத்தது. ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டே வந்தன. நிறுவனம் எடுத்துக்கொண்டு போகிறது என்று பின்னாலிருந்து நித்திலன் சொன்னார். கடைசியில் அந்த அறையில் வெளிச்சமாக இருந்தது ஜன்னல் மட்டும்தான்.

"நீங்க போய் வேலைல சேருங்க அம்மிணி" என்றார் அவர். "என்னப் பொள்ளாச்சிக்கு மாத்திட்டாங்க." காதுக் கருவியை மாட்டிக்கொண்டார்.

மறுவாரம் கல்லூரி வாசலில் ஒரு பதாகை ஏறியது. 'தொண்ணூற்றேழு சதவீத வேலைவாய்ப்பு.' கீழே சந்தனத்தட்டோடு கனிஷ்காவின் படம்.

கோயம்புத்தூரில் அந்தக் கட்டடத்துக்கு நிஜமாகவே ஐந்து மாடி இருந்தது. அவள் புதுப் புடவையில் போயிருந்தாள். டிபன் பாக்ஸில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சோறு. முதல் நாள், யாராவது கேட்டால் கொடுக்க வேண்டும். கதவு தானாகத் திறந்தது. வரவேற்பறையில் ஒரு நாற்காலி இருந்தது. எதிரே ஒரு கண்ணாடிப் பலகை. அதில் கோட்டுப் போட்ட ஒரு பெண்.

"வணக்கம். மனிதவளத் துறை. உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"

"வேலைல சேர வந்தனுங்க. கனிஷ்கா. வேலம்புதூரு."

"கனிஷ்கா திங்கட்கிழமையே பணியில் சேர்ந்துவிட்டார். மிகச் சிறப்பாகப் பணிபுரிகிறார்."

"நாந்தானுங்க கனிஷ்கா."

கண்ணாடிப் பெண் சற்று யோசித்தாள், அல்லது யோசிப்பதுபோல் இருந்தாள். "நீங்கள் மனிதரா?"

"அப்புடித்தானுங்க நெனச்சுட்டு இருக்கறேன்."

"வருந்துகிறோம். முப்பது பேரும் சகபாடிகள் என்றே எங்களுக்குச் சொல்லப்பட்டது. எங்களிடம் மனிதர் யாரும் இல்லை. ஆயினும் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஓர் இருக்கைக்கு இருவர் உரிமை கோரினால் மனிதருக்கே முன்னுரிமை." பலகையின் கீழே ஒரு பச்சை வட்டம் எரிந்தது. "இங்கே கட்டைவிரலை வைத்தால் போதும். வேலை உங்களுடையது. இப்போது இருக்கும் கனிஷ்காவை எடுத்துவிடுவோம்."

"எடுத்து எங்க வெப்பீங்க?"

"வைப்பதில்லை."

கனிஷ்கா கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டாள். "நான் சேந்தா எந்த மாடிங்க?"

"நீங்கள் விரும்பும் மாடி. அனைத்தும் காலியாக உள்ளன."

ஊருக்குத் திரும்பினால் படி கிடையாது, வேலை கிடையாது, கல்லூரியும் கிடையாது. இங்கே இருந்தால் ஐந்து மாடியும் அவளுக்கே.

"அந்தப் புள்ளைகூட ஒருக்காப் பேசலாமுங்களா?"

"உதவி மைய எண்ணில் யார் வேண்டுமானாலும் பேசலாம்."

நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியில் அழைத்தாள்.

"வணக்கமுங்க, உதவி மையம், கனிஷ்கா பேசறனுங்க. என்ன ஒதவி வேணுமுங்க?"

அவளுடைய குரல்தான். அவளைவிடக் கொஞ்சம் திடமாக இருந்தது.

"நாந்தான்டி. கனிஷ்கா."

"அட, உங்களுக்கும் அதே பேருங்களா? சந்தோசமுங்க. என்ன பிரச்சனைன்னு சொல்லுங்க, பாத்துக் குடுக்கறேன்."

"என்னத் தெரியலையா உனக்கு?"

"மன்னிச்சுக்கங்க. இதுக்கு முந்தி பேசியிருக்கீங்களா?"

கண்ணாடிப் பெண் உதவிக்கு வந்தாள். "எந்தப் பெயரில் நேர்காணலுக்கு வந்தாரோ அந்தப் பெயரையும் அதற்குரிய நினைவுகளையும் மட்டுமே வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் நீக்கப்படும். அவர் தம்மைக் கனிஷ்கா என்றே அறிவார். வட்டம் இன்னும் சற்று நேரமே எரியும்."

கனிஷ்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"காலேஜுல உங்க பக்கத்துல ஆருங்க உக்காந்திருந்தாங்க?"

அந்தப் பக்கம் வேலைக்குரல் தளர்ந்தது.

"தீக்ஷான்னு ஒரு புள்ளைங்க. சிரிச்சுட்டே இருக்கும். இண்டர்வியூ அன்னிக்கு வரலீங்க. என்ன ஆச்சோ, எங்க போச்சோ, ஒண்ணும் தெரியல. இங்க நாளெல்லாம் பேசறனுங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை என்னயக் கேக்கறதில்ல. அந்தப் புள்ளை இருந்தாக் கேக்கும், என்னக்கா சோறுன்னு. ஏனுங்க, அவளத் தெரியுமா உங்களுக்கு?"

பச்சை வட்டம் மினுங்க ஆரம்பித்தது. கனிஷ்கா அதைப் பார்த்தாள். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். நாற்பத்து நான்கு வயசுத் தொண்டையில் பத்தொன்பதை வரவழைப்பது லேசில்லை.

"நாந்தானுங்க்கா. தீக்ஷா."

"அடியே!" என்றது போன். "அடிப்பாவி, எங்கடி போய்த் தொலைஞ்சே? கொரலு ஏன்டி இப்புடிக் கெடக்குது?"

"சளி புடிச்சுக்கிச்சுங்க்கா."

"இண்டர்வியூக்கு ஏன்டி வரல? எத்தன தேடினேன் தெரியுமா?"

"பஸ்ஸு கெடைக்கலீங்க்கா."

வட்டம் அணைந்தது. கண்ணாடிப் பெண் நன்றி சொல்லிவிட்டுக் கறுத்துப் போனாள். கறுத்த பலகையில் புதுப் புடவையும் மடியில் டிபன் பாக்ஸுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப வேலை?" என்று கேட்டது போனிலிருந்த அவள் குரல். "ஒனக்கு வேலை கெடச்சுதா இல்லையா?"

"கெடச்சுருச்சுங்க்கா. வேற கம்பெனி."

"நல்லாருடி. உங்க ஆபீஸ்லயாச்சும் ஆளுக இருக்காங்களா?"

கனிஷ்கா ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள்.

"அத ஏனுங்க்கா கேக்கறீங்க" என்றாள். "உக்கார எடமில்ல."